தடயவியலுக்கு அடித்தளம் வேதியியலே

தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை கிடைக்க வேண்டுமானால் பட்டத்தின் பெயரிலேயே ‘தடயவியல்’ இருந்தாக வேண்டும், வேதியியல் மட்டும் படித்தவருக்கு ஆசிரியர் வேலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பெற்றோரிடமும் மாணவரிடமும் வேரூன்றியிருக்கிறது. அரசுக் கல்லூரியில் கிடைக்கும் வேதியியல் இடத்தை உதறிவிட்டு, கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் தடயவியல் பட்டப்படிப்பில் சேர்வோர் பலரை இந்த எண்ணமே அங்கு கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இது முற்றிலும் தவறானது. பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கெடுப்பது.

இந்தியாவில் தடய ஆய்வு தொடங்கியதே வேதியியல் ஆய்வகத்தில்தான். 1849-இல் சென்னையில் அமைந்த வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் நாட்டிலேயே முதலாவது. நஞ்சு கொடுத்துக் கொன்றதாகச் சந்தேகிக்கப்படும் வழக்குகளில் இறந்தவரின் உள்ளுறுப்புகளைச் சோதிப்பது அதன் முக்கியப் பணி. அதற்கு 13 ஆண்டுகள் முன்பு, 1836-இல், ஆர்சனிக்கைக் கண்டறியும் சோதனையை வெளியிட்ட ஜேம்ஸ் மார்ஷும் வேதியியலாளரே.

இன்றைய ஆய்வகத்திலும் வேலையின் பெரும்பகுதி வேதியியல்தான். உப்புக் கரைசலில் வந்துசேரும் இரைப்பை, கல்லீரல் துண்டுகளிலிருந்து பூச்சிக்கொல்லியைப் பிரித்தெடுப்பதும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது போன்ற சாராயத்தில் மெத்தனாலை உறுதிசெய்வதும் வேதியியலாளரின் பொறுப்பு. லஞ்ச ஒழிப்பு வழக்குகளையே எடுத்துக்கொள்ளலாம். ரூபாய் நோட்டில் பீனாப்தலீன் தூள் தடவப்படுகிறது. நோட்டை வாங்கியவர் சோடியம் கார்பனேட் கரைசலில் கையை நனைத்ததும் கரைசல் இளஞ்சிவப்பாகிறது. அது புட்டியில் முத்திரையிடப்பட்டு ஆய்வகத்துக்குப் போகிறது. நாள்பட்டால் அந்த நிறம் வெளுத்துப்போவதும் உண்டு. அப்போது கரைசலை அமிலமாக்கி, ஈதரில் பிரித்தெடுத்து, மெல்லடுக்கு வண்ணப்பிரிகை முறையில் பீனாப்தலீனைக் காட்ட வேண்டும். நிறம் ஏன் போனது என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கேட்டால், வேதியியலை ஆழக் கற்றவரால்தான் தடுமாறாமல் பதில் சொல்ல முடியும்.

பணி நியமன விதிகளும் இதையே சொல்கின்றன. மத்திய தடய அறிவியல் ஆய்வகங்களின் வேதியியல், நச்சியல் பிரிவுகளுக்கான யூபிஎஸ்சி அறிவிப்புகளில் வேதியியல் முதுநிலைப் பட்டம் ஏற்கப்பட்டுவருகிறது. தடயவியல் முதுநிலைப் பட்டம் பெற்றவரோ, இளநிலையில் வேதியியலை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும். வேதியியல் இல்லாத தடயவியல் பட்டம் இங்கே வாசலைத் திறக்காது.

ஆய்வகப் பணி கிடைக்காவிட்டாலும் வேதியியல் பட்டதாரிக்கு வழிகள் உண்டு. மருந்துத் தயாரிப்பை மேற்பார்வையிடும் தகுதியை, வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்து மூன்றாண்டு தயாரிப்பு அனுபவம் பெற்றவருக்கும் 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் அளித்தன. மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஹெச்பிஎல்சி என்ற பகுப்பாய்வுக் கருவியை இயக்கத் தெரிந்தவருக்கு எப்போதும் தேவை இருக்கிறது. உணவுப் பகுப்பாய்வாளர் பதவிக்கும் வேதியியல் முதுநிலைப் பட்டதாரிகள் தேர்வெழுதித் தகுதி பெறலாம். தடயவியல் என்ற ஒற்றை வாசலை நம்பிப் படித்தவருக்கு இத்தனை வழிகள் அமைவதில்லை.

தடயவியல் படிப்பே வீண் என்று இதற்குப் பொருளல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்குச் செல்வதைக் கட்டாயமாக்குகிறது. மாநிலங்கள் இதை ஐந்தாண்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். தடயம் சேகரிப்பு, சான்றின் கைமாற்றப் பதிவு, சாட்சியமளிக்கும் முறை ஆகியவற்றுக்குத் தனிப் பயிற்சி அவசியம். அந்தப் பயிற்சியை வேதியியல் இளநிலைக்குப் பிறகு முதுநிலையில் பெறுவதே வலுவான வழி.

ஆகவே இளநிலைத் தடயவியலில் சேரும் முன், அதில் வேதியியல் முழுப் பாடமாக உள்ளதா, மாணவர் கையாளக் கருவிகள் உள்ளனவா, விரும்பும் பதவியின் கடைசி அறிவிப்பு கேட்ட தகுதி என்ன என்ற மூன்றையும் சரிபார்ப்பது கட்டாயம். கல்லூரிகளும் சேர்க்கையின்போதே இவற்றை எழுத்தில் தர வேண்டும்.