செல்லுக்கும் சிமென்ட் உண்டு

அரியலூர், பெரம்பலூர்க்காரர்களுக்குச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிமென்ட் ஆலைகளுக்கு அதுதானே தீனி! அந்தக் கல்லில் இருக்கும் கால்சியம்தான் உடலில் செல்லோடு செல் ஒட்டி நிற்கவும் உதவுகிறது. ஒட்டவைக்கும் புரதம் கேட்ஹெரின். 1984-இல் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டியது ஜப்பானின் மசதோஷி டகேய்ச்சி குழு.

புற்றுநோயில் பல நேரம் இந்தப் பிடி தளர்கிறது. அதோடு கட்டுண்டு கிடக்கும் பீட்டா-கேட்டெனின் உட்கருவுக்குள் போய், ‘பெருகு’ என்று சிக்னல் கொடுக்கலாம். கழன்ற செல் ரத்தத்தில் ஏறி நுரையீரல், எலும்பு என்று குடியேறும். பெரும்பாலான புற்றுநோய் மரணங்களுக்கு இந்தப் பரவல்தான் காரணம்.

வலிக்காத கட்டிதானே, சின்ன வெங்காய அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் அதற்கு அவகாசம் கொடுத்ததாகிவிடும். 2022-இல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே கட்டியைக் காட்டப் போகும் பெண்ணுக்கு பயாப்ஸி முடிவு சில நாளிலேயே கைக்கு வரணும். அதை அரசுதான் உறுதிசெய்ய வேண்டும்.