வெறும் வயிறு மட்டும் போதாது

சின்ன அத்தைக்கு ஒரு மாதமாக வயிற்றில் வலி. பார்த்த டாக்டர், "ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துடலாம்மா, வெறும் வயித்தோட போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அத்தை அந்த வெறும் வயிற்றை ஏகாதசி விரதமாகவே ஆக்கிவிட்டார். முதல் நாள் இரவு ஏழு மணிக்கு இரண்டு இட்லி, அவ்வளவுதான். காலையில் பிரஷர் மாத்திரையைப் போடவில்லை. "வெறும் வயிறுன்னாங்களே!" ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும், "அது தினமும் சாப்பாட்டுக்கு முன்னாடி போடறதுதானே" என்று ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டார். கீரப்பாளையத்தில் பஸ் ஏறிச் சிதம்பரம் வந்து சேர்ந்தோம்.

ஸ்கேன் நிலையத்தில் கூட்டம். பத்தரை மணிக்கு அத்தைக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. நர்ஸ் ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்தால், சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருந்தது. குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது. போதாக்குறைக்கு, "கிரியாட்டினின் ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டார்கள். அது எங்கள் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது! அன்று ஸ்கேன் இல்லை. தப்பு அவர்களுடையதல்ல, சீட்டை வாங்கிய நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் செய்த கருவியில், 1971 அக்டோபரில் முதன்முதலாக ஒரு பெண்ணின் தலையைப் படமெடுத்தார்கள். 1979-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் அண்ணாமலை நகரிலேயே எடுத்துக் கொள்ளலாம். எக்ஸ்ரே கதிர் உடம்பைச் சுற்றி வந்து, ரொட்டியை வில்லை வில்லையாக அறுத்த மாதிரி படம் காட்டுகிறது. இரத்தக் குழாயும் குடலும் தெளிவாகத் தெரிய, பல சமயம் அயோடின் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். முன்னேற்பாடெல்லாம் பெரும்பாலும் இந்த மருந்துக்காகத்தான். ஊசி இல்லாமல் தலையை மட்டும் எடுப்பதென்றால் பட்டினியே தேவைப்படாது.

ஊசி ஏறும்போது சிலருக்குக் குமட்டும். அதனால் நாலு மணி நேரம் போல திட உணவு வேண்டாம் என்று சொல்வது வழக்கம். இப்போதைய மருந்துகளில் வாந்தி அபூர்வம் என்பதால், வெளிநாடுகளில் பல இடங்களில் பட்டினி போடுவதையே விட்டுவிட்டார்கள். இருந்தாலும் உங்கள் ஸ்கேன் நிலையம் சொல்கிறபடியே செய்யுங்கள். ஆனால், "தண்ணி குடிக்கலாமா? எத்தனை மணியிலேருந்து சாப்பிடக் கூடாது? எந்த மாத்திரையைப் போடலாம்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் தண்ணீருக்குத் தடை இருக்காது. பிரஷர் மாத்திரையையும் வழக்கம்போல் போடச் சொல்வார்கள். சர்க்கரைக்காரர்கள் மாத்திரையோ இன்சுலினோ எப்போது என்று முதல் நாளே கேட்டு, காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கிக்கொள்வது உத்தமம்.

கிரியாட்டினின் ஏன் கேட்கிறார்கள்? அந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ஸ்கேன் அன்றும் அதற்குப் பிறகு 48 மணி நேரமும் நிறுத்தச் சொல்வார்கள். மறுபடி இரத்தம் பார்த்துவிட்டுத் தொடரச் சொல்வார்கள். எல்லோருக்கும் இது கிடையாது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இனி இளம் பெண்களுக்கு. "நாள் தள்ளியிருக்கா?" என்று கேட்கும்போது, பக்கத்தில் மாமியார் நிற்பார், மச்சினர் நிற்பார். கூச்சத்தில் "இல்லை" என்று சொல்லிவிடத் தோன்றும். தயவுசெய்து சொல்லாதீர்கள்! சந்தேகமாக இருந்தாலும், நர்ஸைத் தனியே கூப்பிட்டுக் காதோடு சொல்லுங்கள். அல்லது கடைசியாகக் குளித்த தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். அவசரமில்லையென்றால் தள்ளி வைப்பார்கள், அல்லது வேறு வழி பார்ப்பார்கள். தாயின் உயிர்ப் பிரச்னையென்றால் டாக்டர் யோசித்து எடுக்கவும் சொல்லலாம்.

பால் கொடுக்கும் தாய்மார்களை, "ரெண்டு நாள் பாலைப் பீச்சிக் கொட்டு" என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. ஊசி மருந்தில் நூற்றில் ஒரு பங்குகூடப் பாலில் சேருவதில்லை. அதிலும் குழந்தையின் வயிறு உறிஞ்சுவது கொஞ்சமே. பாலை நிறுத்த வேண்டியதில்லை. எக்ஸ்ரே உடம்பில் தங்குவதும் இல்லை. வெளியே வந்தவுடன் பிள்ளையைத் தூக்கிக் கொள்ளலாம்.

"எனக்கு இறால் ஒத்துக்காது, இந்த ஊசி ஆகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இறாலுக்கும் இதற்கும் தனிப்பட்ட சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் முன்பு இதே ஊசியில் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் அவசியம் சொல்ல வேண்டும். ஆஸ்துமா, தைராய்டு இருந்தாலும் சொல்லுங்கள்.

மறுபடி போன அன்று அத்தைக்கு வேறு கவலை, தாலி. "கழட்ட மாட்டேன்" என்று பிடிவாதம். உலோகம் படத்தில் வெள்ளைக் கோடுகளாக விழுந்து, பார்க்க வேண்டியதை மறைத்துவிடும். மற்றபடி ஆபத்து ஒன்றுமில்லை. படம் எடுக்கும் இடத்தில் இல்லாவிட்டால் போதும். வயிற்று ஸ்கேன் என்பதால் தாலியைக் கழுத்துப் பக்கம் ஏற்றி விடச் சொன்னார்கள். நெஞ்சு ஸ்கேன் என்றால், முதல் நாளே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு போகலாம். தலைக்கு என்றால் தோடு, மூக்குத்தி, ஹேர்பின். இறுகிப்போன மூக்குத்தித் திருகை வீட்டிலேயே தளர்த்தி வையுங்கள். அங்கே போய் எண்ணெய் தேட முடியாது. புடவையில் குத்திய பின்னும், உள்பாடிக் கொக்கியும்கூடக் கணக்கில் சேர்த்திதான்.

ஊசி ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும். சிறுநீர் போய்விட்ட மாதிரியே இருக்கும். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தும் அத்தை வெளியே வந்து, "புடவை நனைஞ்சிருக்கா பாரு" என்றுதான் முதலில் கேட்டார்! ஒன்றும் நனையவில்லை. அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்து, ஊசிக் குழாயை எடுத்த பிறகு அனுப்பினார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகு உடம்பில் தடிப்பு கிளம்பினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.