சிரியின் பூட்டு 2011-ல் உடைந்தது எப்படி? நம்ம போனுக்கு இதில் என்ன பாடம்?

2011 அக்டோபரில் ஐபோன் 4எஸ் விற்பனைக்கு வந்தபோது எல்லோரும் பேசியது 'சிரி' பற்றித்தான். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் குரல் உதவியாளர். ஆனா அதற்கு முந்தைய ஐபோன் 4 வைத்திருந்தவர்களுக்கு சிரி கிடையாது. பழைய போனுக்கு அந்தத் திறன் இல்லையா, இல்ல ஆப்பிளே கதவைச் சாத்திடுச்சா?

அடுத்த மாதமே விடை கிடைத்தது. பாரிஸைச் சேர்ந்த 'அப்ளிடியம்' நிறுவனத்தின் பொறியாளர்கள், சிரி வேலை செய்யும் விதத்தை அலசி வெளியிட்டார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அன்றைய சிரியில் நீங்கள் பேசும் குரல் இணையம் வழியாக ஆப்பிள் சர்வருக்குப் போகும். வழியில் யாரும் படிக்க முடியாதபடி அது பூட்டப்பட்டிருக்கும். "நான்தான் உண்மையான சர்வர்" என்று நிரூபிக்க, எதிர்முனை ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்ட வேண்டும்.

பொறியாளர்கள் சொந்தமாக ஒரு போலி சர்வரை அமைத்தார்கள். சான்றிதழையும் தாங்களே தயாரித்து, அதை நம்பும்படி தங்கள் போனிலேயே பதிவு செய்தார்கள். அவ்வளவுதான்! ஆப்பிளிடம் பேசுவதாக நினைத்த போன், எல்லாவற்றையும் போலி சர்வரிடம் ஒப்படைத்தது.

உள்ளே என்ன இருந்தது?

'ஸ்பீக்ஸ்' முறையில் சுருக்கப்பட்ட குரல் பதிவு. கூடவே, ஒவ்வொரு 4எஸ் போனுக்கும் உரிய தனி அடையாள எண். அந்த எண்தான் நுழைவுச் சீட்டு. அதைக் காட்டி, ஐபோனே இல்லாமல் கணினியில் இருந்து குரலை அனுப்பினார்கள். பேசியது எழுத்தாகத் திரும்பி வந்தது!

அதாவது சர்வர் சீட்டைத்தான் பார்த்தது, சீட்டை நீட்டிய கையைப் பார்க்கவில்லை. ஆனா ஒரே எண்ணைப் பலர் பயன்படுத்தினால், ஆப்பிள் அதை முடக்கிவிடலாம் என்றும் அப்ளிடியம் எச்சரித்தது.

இன்றைக்கு என்ன நிலை?

2021-ல் வந்த ஐஓஎஸ் 15 முதல், ஐபோன் எக்ஸ்எஸ் மற்றும் அதற்குப் பிந்தைய மாடல்களில் பேச்சைப் புரிந்துகொள்ளும் வேலை போனுக்குள்ளேயே நடக்கிறது. இணையத்தில் தேடிச் சொல்ல வேண்டிய பதில்களுக்குச் சர்வர் தேவை. இப்படிச் சேர்க்கப்படும் சான்றிதழ்களைப் பல ஆப்கள் இப்போது ஏற்பதும் இல்லை.

நாம் கவனிக்க வேண்டியது

பாரிஸில் பொறியாளர்கள் தங்கள் போனில் செய்ததை, உங்கள் போனில் வேறொருவர் செய்தால்? இலவச வைஃபை, புது ஆப் என்று சொல்லி 'இந்தச் சான்றிதழை இன்ஸ்டால் பண்ணுங்க' என்று யாராவது லிங்க் அனுப்பினால் தொடாதீங்க. பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும், யாரை நம்புவது என்ற பட்டியல் உங்கள் போனில்தான் இருக்கிறது. செட்டிங்ஸில் நீங்கள் சேர்க்காத சான்றிதழ் ஏதாவது இருக்கிறதா என்று இன்றே ஒருமுறை பார்த்துடுங்க.