வினா எழுப்பும் உரிமை யாருக்கு?

பல்கலைக்கழகமும் தொழிலகமும் இணைந்தியங்க வேண்டும் என்பது இந்திய நடுவணரசு நாற்பதாண்டிற்கும் மேலாக ஓதிவரும் பாடம். 1983-இல் தொழில்நுட்பக் கொள்கை அறிக்கை வந்தது. 2003-இலும் 2013-இலும் அறிவியல் தொழில்நுட்பக் கொள்கைகள் வந்தன. 2020-இல் புதிய கல்விக் கொள்கையும் வந்து சேர்ந்தது. ஏட்டறிவு பட்டறைக்கும், பட்டறையின் தேவை ஏட்டிற்கும் சென்றடைய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு கொள்வார் எவருமிலர். உழவும் தச்சும் கொல்லும் நெசவும் கடலோட்டமும் கண்ட தமிழினத்திற்கு, அறிவு தொழிலொடு பொருந்த வேண்டும் என்பதைத் தில்லி வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால், அவ்விணைப்பு யார்க்கும் யார்க்கும் இடையே? எம்மொழியில்? எவருடைய வினாவிற்கு விடை காண? இம்மூன்றையும் எந்தக் கொள்கையும் நேர்நின்று கேட்டதில்லை. கேளாமையின் விளைவைத் தமிழ்நாட்டின் பட்டறைகளும் வயல்களும் நுகர்ந்துகொண்டிருக்கின்றன.

பணத்தின் போக்கு

முதலிற் பணத்தின் போக்கைக் காண்க. 2023-இல் நாடாளுமன்றம் நாடு தழுவிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கென ஒரு சட்டம் இயற்றிற்று. அவ்வமைப்பிற்குச் சூட்டிய பெயர் 'அனுசந்தான்'. பெயரில் வடமொழி; அலுவலில் ஆங்கிலம்; தமிழுக்கு இரண்டிலும் இடமில்லை. 2023 முதல் 2028 வரை ஐந்தாண்டிற்கு 50,000 கோடி உருபா என்று அறிவித்தனர். அதில் 36,000 கோடி அரசின் கருவூலத்தினின்று வருவதன்று. தொழில் நிறுவனங்களும் கொடையாளரும் பிறரும் தருவர் என்று எதிர்பார்க்கப்படுவது. பத்தில் ஏழு பங்கிற்கு மேற்பட்ட பணம் வெளியாரிடமிருந்து வரவேண்டுமாயின், ஆய்வின் திசையை வகுப்பார் யாவர்? கூலி கொடுப்பவன் காட்டும் இடத்தில்தான் மண்வெட்டி விழும்.

2025 சூலையில் நடுவண் அமைச்சரவை ஓர் இலக்கம் கோடி உருபாத் திட்டம் ஒன்றிற்கு ஒப்புதல் அளித்தது. தனியார் நிறுவனங்கள் ஆய்வில் ஈடுபடுதற்கு வட்டியின்றியோ குறைந்த வட்டிக்கோ நீண்டகாலக் கடன் தருவது அதன் நோக்கம். ஆயின், ஆய்வு நான்காம் படிநிலையை எட்டியிருக்க வேண்டும் என்பது வரம்பு. அதாவது, கண்டது ஆய்வகத்தில் முன்பே மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆய்வகமே இல்லாத சிறு பட்டறைக்காரன் அத்திட்டத்தின் வாயிற்படியையும் மிதிக்க இயலாது. உள்ளவனுக்கே மேலும் ஊட்டும் ஏற்பாடு இது.

இணைப்பைப் பேசும் அரசு அதனைக் காத்ததாகவும் தெரியவில்லை. பல்கலைக்கழகங்களுக்கும் அரசு ஆய்வகங்களுக்கும் ஆய்வின் பொருட்டுத் தொழிலகங்கள் கொடுக்கும் தொகைக்கு வருமான வரியில் ஒருகாலத்தில் இருமடங்கு வரை கழிவு இருந்தது. 2017-இல் அது ஒன்றரை மடங்காகக் குறைந்தது. 2020-இல் கொடுத்த தொகையளவிற்கே சுருங்கிற்று. 2024-இல் ஆய்வு நல்கைகளுக்குச் சரக்கு-சேவை வரி கேட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு அறிவிப்புகள் பறந்தன. எதிர்ப்பெழுந்த பின்னரே அவ்வாண்டு செப்டம்பரில் விலக்களித்தனர். நாட்டின் மொத்த ஆக்க மதிப்பில் ஆய்விற்குச் செல்வது 0.64 விழுக்காடே என்று 2020-21-ஆம் ஆண்டிற்கான அரசின் கணக்கே கூறுகின்றது. நூற்றில் ஒரு பங்கையும் ஆய்விற்கு ஒதுக்காத நாடு, தன் கொள்கை ஏடுகளில் மட்டும் உலகத்திற்கே வழிகாட்டுகின்றது!

இனி ஆளைப் பார்க்க. தொழிலிற் பழுத்த பட்டறிவாளரை 'நடைமுறைப் பேராசிரியர்' என அமர்த்தலாம் என்று 2022-இல் பல்கலைக்கழக நல்கைக்குழு வழிவகுத்தது. முனைவர் பட்டம் வேண்டியதில்லை. மொத்தப் பணியிடங்களில் பத்து விழுக்காடு வரை அமர்த்தலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், பதினைந்தாண்டுப் பட்டறிவு, அதுவும் மேனிலைப் பொறுப்பில் இருந்தால் சிறப்பு என்று உடனே ஒரு வரம்பு. முப்பதாண்டு உலையருகே நின்று இரும்பின் நிறங்கண்டே அதன் பதஞ்சொல்லும் வார்ப்புத் தொழிலாளி பேராசிரியனாக வரக்கூடும் என்னும் எண்ணமே அவ்விதியை எழுதியோர்க்குத் தோன்றியிராது.

தமிழில் எழுதினால் உரிமை இல்லை

கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கின்றது. தமிழ்மண்ணில் நிற்கும் அவ்வலுவலகத்தில் தமிழில் எழுதிய விண்ணப்பத்திற்கு இடமில்லை. 2003-ஆம் ஆண்டுக் காப்புரிமை விதிகளின் ஒன்பதாம் விதி, கட்டுப்பாட்டு அலுவலர் தனியே இசைவளித்தாலன்றி, ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றது. கோவையின் கடைசற் பட்டறைக்காரன் ஒருவன் நீரேற்றுப் பொறியில் புதிய அமைப்பொன்றைக் கண்டான் எனக் கொள்க. அதனைத் தன் கையாளுக்குத் தமிழில் விளக்குவான். தமிழில் விலைபேசி விற்பான். ஆனால் அது தன்னுடையது என்று அரசிடம் நிலைநாட்ட வேண்டுமாயின், தனக்குத் தெரியாத மொழியில், தான் பணங்கொடுத்து அமர்த்திய ஒருவர் எழுதித்தர வேண்டும். எழுதியது தான் சொன்னதுதானா என்று படித்துப் பார்க்கவும் அவனால் ஆகாது. வினைத்திறம் தமிழில், அதன் உரிமை மட்டும் பிறமொழியில்!

இது வெறுங்கற்பனையன்று. கோவையின் அருணாசலம் முருகானந்தம் பதினான்காம் அகவையிற் பள்ளியை விட்டவர். பெண்டிர்க்கான விடாய்க்கால அணையாடையைக் குறைந்த செலவிற் செய்யும் பொறியை ஆக்கியவர். பெருநிறுவனங்களின் அணையாடையில் இருக்கும் பஞ்சுபோன்ற பொருள் யாதென்று அறிய அவர்க்கு ஈராண்டிற்கு மேல் ஆயிற்று. அதை விளக்கக்கூடிய வேதியியல் துறைகள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எத்தனை இருந்தன! அயல்நாட்டு நிறுவனங்களுக்கு எழுத ஆங்கிலம் போதாமையால் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் துணையை நாடினார்.  கல்விக்கும் தொழிலுக்கும் உள்ள உறவு இந்நாட்டில் எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டா. பின்னர்ச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அவர் பொறியைப் பரிசிற்கு முன்மொழிந்தது. 2016-இல் நடுவணரசின் பத்மசிறீ விருதும் வந்தது. புகழ் வந்தபின் வாயில்கள் திறந்தன. புகழ் வாராத எத்தனை முருகானந்தங்கள் வாயிலிலேயே நின்று திரும்பினரோ, அதற்குக் கணக்கில்லை.

கேட்டவர்க்கே விடை

ஆய்வும் தொழிலும் இணைந்தால் நன்மையே விளையாதா எனின், விளையும், விளைந்தும் இருக்கின்றது. கோவையில் 1926-இல் தொடங்கிய பூ.சா.கோ. அறநிலையம் தொழிற்பயிலகத்தை நிறுவிற்று. 1951-இல் எழுந்த பொறியியற் கல்லூரி பொறிகள் ஆக்கும் அதே வளாகத்தில் நின்றது. நூற்பாலைகள் தாமே கூடித் தமக்கோர் ஆராய்ச்சிக் கழகத்தை 1956-இல் கோவையில் அமைத்தன. இவை தில்லியின் கொள்கை ஏடு பார்த்துப் பிறந்தவையல்ல. தொழில் செய்தார் தம் தேவையைத் தாமே சொன்னதாற் பிறந்தவை.

தோல் தொழிலையும் எண்ணிப் பார்க்க. சென்னையில் 1948-இல் நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அதன் பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் தோல் தொழில்நுட்பத் துறையும் இயங்கிற்று. அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு 1973-இல் நடுவணரசு கட்டுப்பாடு விதித்தபோது, முழுமையாகப் பதனிடும் நுட்பத்தைக் கற்பிக்க ஆய்வகம் அணிமையில் இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோற்பதனிடு நிலையங்கள் முன்னேறின. கொள்கையும் ஆய்வும் தொழிலும் ஒன்றிய நல்ல எடுத்துக்காட்டு என்று இதனை எவரும் போற்றலாம்.

ஆனால் பாலாறு என்ன ஆயிற்று? தோற்கழிவு கலந்து கிணறுகள் உவர்த்தன, வயல்கள் கெட்டன. ஏற்றுமதியாளன் வினா எழுப்ப அவனுக்கு ஓர் ஆய்வகம் இருந்தது. கிணறு கெட்ட உழவன் வினா எழுப்ப அவனுக்கு எவ்விடமும் இல்லை. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் உச்சநீதிமன்றம் வரை சென்று, 1996 ஆகத்தில் தீர்ப்புப் பெற்ற பின்னரே கழிவுநீர்த் தூய்மைப்பாடு கட்டாயமாயிற்று. அத்துறையிலும் தோல் ஆராய்ச்சி நிலையம் பணியாற்றியதுண்டு. எனினும் வரிசை எது என்பதை நோக்க வேண்டும்: முதலிற் சரக்கு, பின்னர் வழக்கு, கடைசியில் ஆறு. கேட்கும் இடத்தில் இருந்தவர்க்கு விடை விரைந்து வந்தது. இல்லாதவர்க்குத் தீர்ப்பாக வந்தது.

பிறநாட்டார் செய்ததென்ன?

அமெரிக்காவைப் பார் என்பர் கொள்கை வகுப்போர். பெர்ச்சு பை, இராபர்ட்டு தோல் என்னும் மேலவை உறுப்பினர் இருவர் பெயரால் வழங்கும் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தையே அவர்கள் சுட்டுவர். அரசுப் பணத்தில் கண்டுபிடித்தவற்றின் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள அச்சட்டம் இடந்தந்தது. அதன் அடியொற்றி இங்கும் 2008-இல் ஒரு சட்டமுன்வடிவு மாநிலங்களவைக்கு வந்தது. மக்கள் பணத்தில் பிறந்த அறிவு தனியார் கைக்குப் போகும் என்று அறிஞர் எதிர்த்தனர். 2014-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அவ்வமெரிக்கச் சட்டத்திலேயே சிறு நிறுவனங்களுக்கு முதலிடம், உள்நாட்டிலேயே ஆக்கவேண்டும் என்னும் நெறி ஆகியவை உள்ளன. அவற்றை இங்கு எடுத்துரைப்பார் மிகச் சிலரே.

1980-க்கு முன் அமெரிக்கா செய்ததையோ பேசுவாரே இலர். 1862-இல் மாநிலங்களுக்கு நிலம் வழங்கி, உழவும் பொறிவினையும் கற்பிக்கும் கல்லூரிகளை எழுப்பச் செய்தது. 1887-இல் அக்கல்லூரிகளைச் சார்ந்து வேளாண் ஆய்வு நிலையங்களுக்குப் பணம் தந்தது. 1914-இல், அங்குக் கண்ட அறிவை உழவன் வீட்டு வாயிலுக்கே, அவன் பேசும் மொழியிலேயே கொண்டுசெல்ல விரிவாக்கப் பணியைச் சட்டமாக்கிற்று. நூற்றாண்டிற்கும் மேலாக அடித்தளமிட்ட பின்னரே அந்நாடு காப்புரிமையைப் பற்றிக் கவன்றது. இந்தியா அடித்தளத்தை விட்டுக் கூரையை மட்டும் பார்த்துப் பகர்ப்பெடுக்கின்றது.

செருமனியில் 1949-இல் மியூனிக்கு நகரில் பிரான்கோபர் கழகம் தோன்றியது. அதன் செலவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அரசுகள் அடிப்படை நல்கையாகத் தருகின்றன. எஞ்சியதை ஒப்பந்த ஆய்வுகளால் அது ஈட்டுகின்றது. 1954-இல் தொழில்துறை ஆய்வுக் கழகங்களின் கூட்டமைப்பும் எழுந்தது; தனியே ஆய்வகம் வைக்க இயலாத சிறு, நடுத்தர நிறுவனங்கள் கூடித் தம் வினாவைத் தாமே வகுக்கும்; அரசு செலவேற்கும்; விடை அத்துறையினர் அனைவர்க்கும் பொது. வினாவும் விடையும் செருமானிய மொழியில்.

சப்பான் 1873-இல் தோக்கியோவில் பொறியியற் கல்லூரி தொடங்கியபோது, அதன் தலைவர் பிரித்தானியரான என்றி தையர், பாடம் ஆங்கிலத்தில். ஒரு தலைமுறைக்குள் சப்பானியரே ஆசிரியராயினர். பாடமும் சப்பானியத்திற்கு மாறிற்று. இன்றும் அந்நாட்டின் மாவட்டந்தோறும் சிறுதொழிலுக்கு உதவும் பொதுச் சோதனை நிலையங்கள் இயங்குகின்றன. பல்கலைக்கழக நுட்பத்தைத் தொழிலுக்கு மாற்றும் சட்டம் அங்கு வந்தது 1998-இல். சொந்தமொழியில் அறிவு வேரூன்றி நூறாண்டான பின். கிண்டியின் அளவைப்பள்ளி பிறந்ததோ 1794-இல்! சப்பானியக் கல்லூரிக்கு எழுபத்தொன்பது ஆண்டு மூத்தது. அப்பள்ளியின் வழிவந்த அண்ணா பல்கலைக்கழகம் தமிழில் பொறியியல் கற்பிக்கத் தொடங்கியது 2010-இல். அதுவும் கட்டடவியல், எந்திரவியல் என்னும் இரண்டே துறைகளில். இருநூற்றுப் பதினாறு ஆண்டு பிடித்த நெடும்பயணம்!

தடை எழுப்புவார்க்கு விடை

உலக அறிவியல் ஆங்கிலத்திலன்றோ இருக்கின்றது, தமிழைக் கட்டிக்கொண்டு அழுதால் ஆய்வு வளருமா என்பர் சிலர். ஆய்வாளன் ஆங்கிலம் கற்க வேண்டா என்று எவரும் கூறவில்லை; செருமானியமும் சப்பானியமும் கூடக் கற்கட்டும். உலக அறிவை உள்வாங்க எத்தனை மொழியும் தகும். ஆனால் பட்டறையில் நிற்பவனும் ஆய்வகத்தில் நிற்பவனும் ஒருவரோடொருவர் பேசுதற்கு மொழி ஒன்றே: தமிழ்நாட்டில் அது தமிழ். அவ்விருவரும் பேசாத இடத்தில் எத்தனை உடன்படிக்கை கையொப்பமானாலும், அது பேராசிரியர்க்கும் பெருநிறுவனத்து மேலாளர்க்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தேயன்றி, கல்விக்கும் தொழிலுக்கும் இணைப்பாகாது.

தில்லியை மட்டும் குறை கூறித் தமிழர் தப்பிவிட இயலாது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் மாநிலச் சட்டத்தால் ஆனவை. அவற்றில் ஆய்வேடுகளின் சுருக்கத்தையேனும் தொழிலாளி படிக்கும் தமிழில் அச்சிட்டு வெளியிட எவர் தடை? தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் ஆங்கிலமும் வீட்டில் அரைத்தமிழும் பேசுவது தில்லியின் ஆணையாலன்று. வேளாண் பல்கலைக்கழகம் நாற்றங்காலுக்கும் நோய்க்கும் தமிழில் குறிப்பு வெளியிட முடிந்ததெனின், பொறியியலும் வேதியியலும் செய்ய மாட்டாதது ஏன்?

செய்ய வேண்டுவன

செய்ய வேண்டுவன தெளிவானவை. காப்புரிமை விதிகளைத் திருத்தி, எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் விண்ணப்பம் ஏற்க வேண்டும். மொழிபெயர்க்கும் செலவு அரசினுடையது. ஆய்விற்கென ஒதுக்கிய பெருந்தொகைகளில் உறுதியான ஒரு பங்கைச் சிறு பட்டறைகளும் உழவர் குழுக்களும் எழுப்பும் வினாக்களுக்கெனப் பிரித்து வைக்க வேண்டும். அவ்வினாக்கள் தமிழில் எழுதப்பெற்றாலும் ஏற்கப்பெற வேண்டும். மக்கள் பணத்தில் தமிழ்நாட்டில் நடைபெறும் ஒவ்வோர் ஆய்வின் முடிவும் தமிழில் வெளியாக வேண்டும். தொழிலகத்தொடு பல்கலைக்கழகம் செய்யும் ஒவ்வோர் உடன்படிக்கையிலும் அதனால் நீரும் நிலமும் கெடக்கூடிய ஊராரின் குரலுக்கு இடம் வேண்டும். கைவினை வல்லார் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர 'மேனிலைப் பொறுப்பு' என்னும் வரம்பு நீங்க வேண்டும்.

இவற்றுள் ஒன்றும் பெருஞ்செலவு வேண்டுவதன்று. வேண்டுவது, உழைப்பவனுக்கும் வினா உண்டு, அவன் மொழியிலும் அறிவு உண்டு என்னும் ஒப்புதல் ஒன்றே. அதனை ஒப்பாத கொள்கை எத்தனை இலக்கம் கோடியை அள்ளி வைத்தாலும், தமிழ்நாட்டுப் பட்டறையின் அடுப்பு அதனால் எரியப் போவதில்லை. தமிழர் தம் வினாவைத் தம் மொழியில் உரக்க எழுப்பட்டும்; விடை சொல்லும் கடமை, மக்கள் வரிப்பணத்தில் வாழும் பல்கலைக்கழகங்களுடையது.