கைத்துப்பாக்கி கிளாஸுக்குப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

அமெரிக்காவில் இருக்கும் நம்ம மக்களுக்காக ஒரு நீண்ட இழை. ஊரில் இருக்கும் அப்பா அம்மாக்களும் படிக்கலாம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேதானே இருக்காங்க.

நான் டெக்சாஸில் அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர். சில மாசம் முன்னாடி எங்க ஏரியா தமிழ் வாட்ஸப் குரூப்பில் ஒரு விளம்பரம் வந்தது. முதல் முறை கைத்துப்பாக்கி வாங்குபவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு, மூன்று மணி நேரம், தம்பதியாக வந்தால் தள்ளுபடி. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பூட்டை உடைச்சு நகையை அள்ளிட்டுப் போன வாரம் அது. ஒரே நாளில் பதினாலு பேர் சேர்ந்துட்டாங்க. பதினஞ்சாவது ஆளா நானும் போனேன்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். இன்ஸ்ட்ரக்டர் தங்கமான மனுஷன், பொறுமைசாலி. வகுப்பறைக்குள் நிஜக் குண்டு ஒன்றுகூட வரக் கூடாதுன்னு பையெல்லாம் பார்த்துத்தான் உள்ளே விட்டார். போர்டில் நாலு விதி எழுதினார். ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரைன் அதிகாரி பரப்பிய விதிகள், எங்கே போனாலும் இதுதான் பாலபாடம். எந்தத் துப்பாக்கியும் லோடாகித்தான் இருக்குன்னு நினைச்சுக்கணும். சுடத் துணியாத எதை நோக்கியும் குழல்வாய் திரும்பக் கூடாது. குறி பார்த்து முடிவெடுக்கும்வரை விரல் ட்ரிக்கர்மேல் போகக் கூடாது. இலக்கு என்ன, அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும்.

அடுத்து காலி செய்யும் முறை. மேகசினைக் கழட்டிட்டா துப்பாக்கி காலின்னு நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைச்சுட்டு இருந்தோம். காலி இல்லைங்க. ஒரு குண்டு சேம்பரிலேயே உட்கார்ந்திருக்கும். முதலில் மேகசின், அப்புறம் ஸ்லைடை இழுத்து, கண்ணால பார்த்து, விரலை விட்டும் பார்க்கணும். வரிசை மாறி ஸ்லைடை முதலில் இழுத்தா மேகசினிலிருந்து அடுத்த குண்டு ஏறி உட்கார்ந்துக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே கிளாஸ் கட்டணம் தகும்.

ரேஞ்சுக்குள் போறதுக்கு முன்னாடி டாக்டரா சில குறிப்பு. கழுத்து மூடின சட்டை போடுங்க, சுட்ட வெற்றுத் தோட்டா கொதிக்கக் கொதிக்க பறந்து கழுத்துக்குள்ள விழும். ஒரு வெடிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், அதனால உள்ளரங்கில் காதுக்குள் பஞ்சடைப்பானும் மேலே மஃபும் சேர்த்துப் போடணும். கண்ணாடி கட்டாயம். ஸ்லைடுக்குப் பின்னால கட்டைவிரலை வெச்சா கிழிச்சிடும், தையல் போட எங்ககிட்ட வரவேண்டி இருக்கும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாம எதையும் சாப்பிடாதீங்க, ஈயத்தூள். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே வேண்டாம்.

இன்னொன்று, இதை அந்த விளம்பரத்தில் யாரும் போடலை. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் தடை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தா பிரச்சினை இல்லை. டைம்பாஸுக்கு ரேஞ்சுக்குப் போய் செல்ஃபி எடுத்துப் போடும் தம்பிகளே, முதலில் இமிகிரேஷன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்க.

இப்ப என் கோபத்துக்கு வர்றேன்.

மூன்று மணி நேரத்தில், வீட்டில் துப்பாக்கியை எப்படி வைக்கணும் என்பதற்கு ஒதுக்கிய நேரம் இரண்டு நிமிஷம். "குழந்தைங்க இருந்தா பூட்டி வைங்க", அவ்வளவுதான். தற்கொலை என்ற சொல் ஒரு தடவைகூட வரலை. சர்ட்டிஃபிகேட் குடுத்தாங்க, எல்லாரும் வரிசையா நின்னு போட்டோ எடுத்துக்கிட்டோம்.

அமெரிக்காவில் 2022-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அதில் சுமார் 27,000 பேர் தற்கொலை. தவறுதலாகச் சுட்டு இறந்தவர்கள் சுமார் 500. மறுபடியும் படிங்க. பாதிக்கு மேல் தற்கொலை, விபத்து நூற்றில் ஒன்று. பாதுகாப்பு வகுப்புன்னு பேர் வெச்சு, அந்த நூற்றில் ஒன்றுக்காக மூன்று மணி நேரம் பாடம் எடுத்துட்டு, மிச்சத்தைப் பற்றி வாயே திறக்காம அனுப்பினா அதுக்கு என்ன பேர்? சீட் பெல்ட் போடச் சொல்லிக் குடுத்துட்டு பிரேக்கைப் பற்றி பேசாத டிரைவிங் ஸ்கூல்.

(விபத்துச் சாவு குறைவா இருப்பதில் அந்த நாலு விதிக்கும் பங்கு உண்டு, மறுக்கலை. சாகாம கை கால் போய் வர்றவங்களையும் நான்தான் பார்க்கறேன். விதிகள் வேண்டாம்னு சொல்ல வரலை.)

"தற்கொலை எண்ணம் உள்ளவங்க வாங்கறது வேற, நாங்க வாங்கறது வேற"ன்னு சொல்வீங்க. கலிஃபோர்னியாவில் 2.6 கோடி பேரைப் பன்னிரண்டு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020-ல் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, இல்லாதவர்களைவிட 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு. முதல் துப்பாக்கி வாங்கிய உடனடி வாரங்களில்தான் அபாயம் உச்சம். ஆனா அந்தச் சாவுகளில் பாதி, வாங்கி ஒரு வருஷத்துக்கு அப்புறம் நடந்தது. அதாவது சாகணும்னு வாங்கியவங்க மட்டும் இல்லை. திருடனுக்குப் பயந்து வாங்கி, அலமாரியில் வெச்சு, மறந்து, பிறகு வாழ்க்கையில் ஒரு கெட்ட ராத்திரி வந்தவங்களும் இருக்காங்க.

ஒரு அப்பாவைப் பற்றிச் சொல்லணும். அடையாளம் எல்லாம் மாத்தியிருக்கேன். பதினேழு வயசுப் பையனை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தாங்க. நாங்க செய்ய எதுவும் மிச்சம் இல்லை. அந்தச் சின்ன அறையில் உட்கார வெச்சு அவர்கிட்ட சொன்னேன். என் வேலையிலேயே கொடுமையான வேலை அதுதான். ரொம்ப நேரம் பேசாம இருந்தவர், கடைசியா ஒன்று சொன்னார். "நான் கிளாஸ் போனேன் டாக்டர். எல்லா ரூலும் எனக்குத் தெரியும்." அவர் ஒரு விதியையும் மீறலை. துப்பாக்கி பெட்டியில்தான் இருந்தது. பூட்டும் இருந்தது. கோடு, பையனோட பிறந்த நாள்.

இதை எழுதும்போது கை நடுங்குது, இருந்தாலும் எழுதறேன். ஏன்னா அந்தக் கோடு பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தரலை.

"சாகணும்னு முடிவு பண்ணவன் எப்படியும் செஞ்சுக்குவான்", இதுதான் அடுத்த வாதம். படிச்சவங்க, ஏன் சில டாக்டர்களே சொல்றாங்க. தப்புங்க. முயற்சி செய்து பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. ஹூஸ்டனில், உயிருக்கு ஆபத்தான முயற்சியிலிருந்து பிழைத்த இளவயதினரைக் கேட்டாங்க. முடிவெடுத்ததிலிருந்து செய்ததுவரை எவ்வளவு நேரம்? நாலில் ஒருவர் சொன்னது, ஐந்து நிமிஷத்துக்கும் குறைவு. அந்த ஐந்து நிமிஷத்தில் கைக்கு எது எட்டுதுங்கறதுதான் எல்லாமே. மாத்திரையை விழுங்கினவங்களில் பெரும்பாலானவங்களைக் காப்பாத்திடறோம். துப்பாக்கியில் பத்துக்கு ஒன்பது பேர் போயிடறாங்க.

ஊரில் ஹவுஸ் சர்ஜனா இருந்த காலத்தில் பூச்சிமருந்து குடிச்சு வந்தவங்களை ராத்திரி ராத்திரியா பார்த்திருக்கேன். பிழைச்சவங்க மூக்கில் ட்யூபோட அழுவாங்க, "புத்தி கெட்டுப் போய்க் குடிச்சுட்டேன் சார், என்னைக் காப்பாத்துங்க"ன்னு. இலங்கையில் என்ன நடந்ததுன்னு பாருங்க. ஒரு காலத்தில் உலகிலேயே தற்கொலை விகிதம் அதிகமான நாடுகளில் ஒன்று. 1990களிலிருந்து மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தாங்க. விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. குடும்பச் சண்டையோ கடனோ காதல் தோல்வியோ தீர்ந்துபோகலை. விஷம் குடிப்பதுகூட நிற்கலை. குடிச்சவங்க பிழைச்சாங்க, அவ்வளவுதான்.

அப்ப துப்பாக்கியை வாங்காதேன்னு சொல்றியா? என்னைக் கேட்டா, நகைக்காக வேண்டாம், பேங்க் லாக்கர் எடுங்க. ஆனா இங்கே சட்டம் உங்களுக்கு அந்த உரிமையைக் குடுத்திருக்கு, முடிவு உங்களுது. வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, அந்த இன்ஸ்ட்ரக்டர் சொல்லாததை நான் சொல்றேன்.

ஒளிச்சு வைக்கறது பூட்டி வைக்கறது ஆகாது. நம்ம அம்மாக்கள் நகையை அரிசி டின்னுக்குள் ஒளிச்சாங்க, எத்தனை நாளில் நாம கண்டுபிடிச்சோம்? அலபாமாவில் துப்பாக்கி உள்ள வீடுகளில் பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியாகக் கேட்டாங்க. "அது இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது"ன்னு சொன்ன பெற்றோரில் பத்துக்கு நாலு பேரை அவங்க பிள்ளையே பொய்யாக்கிடுச்சு. அதனால பூட்டு. துப்பாக்கி காலியா, குண்டு வேறு இடத்தில், அதுவும் பூட்டி. இதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகவே பிள்ளைகளைக் காப்பாத்துதுன்னு ஆய்வு இருக்கு. கோடு வீட்டில் யாரும் யூகிக்க முடியாததா இருக்கணும். பிறந்த நாள், கல்யாண நாள், வண்டி நம்பர் எதுவும் வேண்டாம்.

"பூட்டி வெச்சா திருடன் வரும்போது எப்படி எடுக்கறது?" சில வினாடியில் திறக்கும் பெட்டிகள் கடையில் இருக்கு. துப்பாக்கிக்கு அவ்வளவு செலவு பண்றீங்க, அதையும் வாங்குங்க. டீலரிடம் வாங்கும் கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டு தரணும்னு 2005-லிருந்து சட்டமே இருக்கு. பல வீட்டில் அது பிரிக்காத கவரிலேயே கிடக்கு. டெக்சாஸில் 17 வயசு நிரம்பாத பிள்ளைக்கு லோடான துப்பாக்கி எட்டும்படி விடுவது குற்றம், அதையும் ஞாபகம் வைங்க.

முக்கியமான ஒன்று. பூட்டினா போதும்னு இருக்க முடியாத நேரம் உண்டு. வீட்டில் யாருக்காவது வேலை போயிருக்கு, விவாகரத்து, பரீட்சை ஃபெயில், பிரசவத்துக்கு அப்புறம் ஓயாத அழுகை, குடி கூடிப்போச்சு. அந்த ஆள் நீங்களாவே இருக்கலாம், அப்ப கோடு தெரிஞ்சவரும் நீங்கதான். அந்த நாட்களில் துப்பாக்கி வீட்டைவிட்டுப் போகணும். நண்பர் வீடு, துப்பாக்கிக் கடை, சில ஊர்களில் போலீஸ் நிலையம் தற்காலிகமா வாங்கி வெச்சுக்கும். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், இப்பவே விசாரிச்சு வைங்க. நெருக்கடி வந்த ராத்திரியில் யாரும் கூகுள் பண்ண மாட்டாங்க.

இதைச் சொன்னா, டாக்டருக்கு எதுக்கு இந்த வேலைன்னு வருவாங்க. புதுசு இல்லை. நோயாளியிடம் துப்பாக்கி பற்றி டாக்டர் கேட்பதைக் கட்டுப்படுத்தி 2011-ல் ஃப்ளோரிடா ஒரு சட்டமே போட்டது. 2017-ல் கோர்ட் அதன் முக்கியப் பகுதிகளைத் தூக்கி எறிஞ்சது. 2018-ல் டாக்டர்கள் தங்கள் எல்லைக்குள் நிற்கட்டும்னு என்.ஆர்.ஏ. ட்விட்டரில் எழுதினப்ப, நாடு முழுக்க டாக்டர்கள் ரத்தம் தோய்ந்த உடையோட போட்டோ போட்டாங்க. எங்க எல்லை எதுன்னு அதில் தெரியும்.

துப்பாக்கிக்காரங்க எல்லாரும் காது குடுக்க மாட்டாங்கன்னும் நினைக்காதீங்க. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே கடையில் வாங்கின மூன்று பேர் ஒரு வாரத்துக்குள் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க, ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லை. அந்தக் கடைக்காரரே முன்வந்து பொது சுகாதார ஆட்களோட உட்கார்ந்தார். கடை கவுண்டரில் வைக்க துண்டறிக்கையும் போஸ்டரும் தயாராச்சு. 2009-ல் ஆரம்பிச்ச அந்த வேலை இன்னும் பல மாநிலங்களுக்குப் பரவியது. துப்பாக்கி விற்கறவரால முடியும்போது, துப்பாக்கிப் பாதுகாப்பு சொல்லித் தர்றவரால முடியாதா?

கிளாஸ் முடிஞ்சதும் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட தனியா பேசினேன். பத்து நிமிஷம் குடுங்க, காசு வேண்டாம், நானே வந்து பேசறேன்னு சொன்னேன். யோசிச்சார். "டாக்டர், சனிக்கிழமை சாயந்திரம் சந்தோஷமா வர்றவங்ககிட்ட அதைப் பேசினா அடுத்த பேட்ச் வராது"ன்னார். நேற்று குரூப்பில் அடுத்த மாச விளம்பரம் வந்திருக்கு. அதே மூன்று மணி நேரம். நீங்க போனா, கேள்வி நேரத்தில் கையைத் தூக்கி அந்தப் பத்து நிமிஷத்தைக் கேளுங்க.

மனசு சரியில்லைன்னா, அல்லது யாரையாவது நினைச்சுப் பயமா இருந்தா: அமெரிக்காவில் 988. இந்தியாவில் 14416, தமிழ்நாட்டில் 104. எந்த நேரமும் பேசலாம்.