தேங்காய்க்குள் புகுந்த விஷம்



சென்ற மாதம் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டார். "ஏன் வாத்தியாரே, கடல் அம்மாம் பெரிசு. அதுல எதைக் கொட்டினாலும் கரைஞ்சு போயிடாதா?"

நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் அமெரிக்க அதிகாரிகளும் அப்படித்தான் நினைத்தார்கள்.

பசிபிக் மாகடலின் நடுவே மார்ஷல் தீவுகள் இருக்கின்றன. பவளப் பாறைகள் வளையமாக வளர்ந்து, நடுவில் உப்பங்கழி தேங்கிய சிறு சிறு தீவுகள். மீனும் தேங்காயும்தான் அங்குள்ளவர்களுக்குச் சோறு. 1946-ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் பிகினித் தீவுக்கு வந்து, மனித குலத்தின் நன்மைக்காகத் தீவைக் கொஞ்ச காலம் விட்டுத் தர முடியுமா என்று கேட்டார். 167 பேர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். 1958-க்குள் அந்த வட்டாரத்தில் 67 அணுகுண்டுகள் வெடித்துச் சோதிக்கப்பட்டன.

அவற்றில் மிகப் பெரியது 1954 மார்ச் முதல் தேதி பிகினியில் வெடித்த ஹைட்ரஜன் குண்டு. ஹிரோஷிமாவில் போட்டதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. விஞ்ஞானிகள் போட்ட கணக்கைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக அது வெடித்தது. பவளப் பாறை பொடிப்பொடியாகி வானில் எழும்பி, வெள்ளைச் சாம்பலாகக் காற்றோடு கிழக்கே போய் இறங்கியது.

அங்கே சுமார் 85 மைல் தூரத்தில், தடை எல்லைக்கு வெளியே, ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்று வலித்துக்கொண்டிருந்தது. பெயர் ஐந்தாம் 'ஃபுகுர்யூ மாரு'. 'அதிர்ஷ்ட டிராகன்' என்று பொருளாம்! 23 பேர் தலையிலும் தோளிலும் சாம்பல் கொட்டியது. என்னவென்று தெரியாமல் ஒருவர் நாக்கில் வைத்துப் பார்த்தார். ஊர் திரும்புவதற்குள் தோல் கொப்பளித்தது, முடி கொட்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் படகின் ரேடியோக்காரர் குபோயாமா காலமானார்.

அந்தப் படகின் சூரை மீன்கள் சந்தைக்குப் போய்விட்டன. பிறகுதான் கருவி வைத்துப் பார்த்தார்கள். அது மட்டுமல்ல, அவ்வாண்டு 800-க்கும் மேற்பட்ட படகுகளின் மீனில் கதிரியக்கம் இருந்தது. டோக்கியோவின் பெரிய சந்தையில் மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். பல நாள் மீன் வாங்க ஆளில்லை.

கடலில் கரைந்துவிடும் என்று சொன்னார்களே! அதைப் பார்த்துவர ஜப்பான் அரசு 'சுன்கோட்சு மாரு' என்ற கப்பலை அனுப்பியது. தண்ணீரிலும் விஷம் இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்ணுயிர்களில் அது இன்னும் செறிந்து கிடந்தது. நுண்ணுயிரைச் சிறு மீன் தின்கிறது, சிறு மீனைச் சூரை தின்கிறது, சூரையை நாம் தின்கிறோம். கடல் கரைத்ததை உயிர்கள் மறுபடி சேர்த்துவிட்டன.

ரொங்கெலாப் தீவில் நடந்ததை எழுத மனம் வரவில்லை, ஆனாலும் எழுதவேண்டும். அங்கே வெள்ளைத் தூளில் பிள்ளைகள் விளையாடினார்கள். தண்ணீர்த் தொட்டியிலும் அது விழுந்தது, அதையே குடித்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அமெரிக்கக் கப்பல் வந்து அவர்களை ஏற்றிச் சென்றது. 1957-இல் தீவு பத்திரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அன்று சாம்பலில் விளையாடிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் தொண்டையிலுள்ள தைராய்டு சுரப்பியில் கட்டி வந்தது. கடைசியில் 1985-இல், பிள்ளைகளுக்குப் பயந்து, அவர்களே ஊரைவிட்டு வெளியேறினார்கள்.

காற்றில் ஏறியது எல்லா நாட்டின்மீதும் மழையோடு இறங்கியது. நம் வட்டாரத்தைவிட வடநாடுகளில் அதிகம். அதிலிருந்த ஸ்ட்ரோன்டியம் சுண்ணாம்புச் சத்துபோல் நடிக்கும். அதனால் புல்லிலிருந்து பசுவின் பாலுக்கும், பாலிலிருந்து குழந்தைகளின் எலும்புக்கும் பல்லுக்கும் போனது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத் தாய்மார்கள் விழுந்த பால்பற்களை ஆராய்ச்சிக்கு அனுப்பிவைத்தார்கள். 1963-இல் அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன் மூன்றும் வானிலும் கடலிலும் சோதிப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்தன. பிரான்ஸ் 1974 வரையும் சீனா 1980 வரையும் வானில் வெடித்தன.

இனி, உங்களுக்கு நன்றாகப் புரியக்கூடிய ஒரு விஷயம். மரத்துக்கு நீங்கள் போடும் பொட்டாஷ் உரம் தெரியுமல்லவா? அணுகுண்டுச் சாம்பலிலுள்ள சீசியம் அந்தப் பொட்டாஷ் சத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. பவள மண்ணில் பொட்டாஷ் குறைவு. பசித்த தென்னை, சீசியத்தைப் பொட்டாஷ் என்றெண்ணி வேரால் உறிஞ்சிக் காய்க்குள் சேர்த்துவிடும். பிகினிக்காரர்கள் சிலர் 1970-களில் ஊர் திரும்பி, புதிதாக நட்ட தென்னையின் இளநீரைக் குடித்தார்கள். உடம்பில் சீசியம் ஏறியது. 1978-இல் மறுபடி ஏற்றிச் சென்றுவிட்டார்கள்.

சீசியம் பாதியாகக் குறைய 30 ஆண்டு, அந்தப் பாதி மறுபடி பாதியாக இன்னுமொரு 30 ஆண்டு. விஞ்ஞானிகள் பிகினியில் தென்னைக்குப் பொட்டாஷ் போட்டுப் பார்த்தார்கள். வேர் நல்ல சத்தை எடுத்துக்கொண்டது, காயில் சீசியம் வெகுவாகக் குறைந்தது. உரச் சாக்கைத் தோளில் சுமக்கும் கைகளுக்கு இது விளங்கும்.

ஆனால் மரத்தடியில் ஆள் இல்லை. பிகினிக்காரர்களின் பேரப்பிள்ளைகள் கிலித் தீவிலும் மஜுரோவிலும் பிற இடங்களிலும் வாழ்கிறார்கள். கிலியில் உப்பங்கழி கிடையாது. அலை பெரிதாக இருக்கும் மாதங்களில் படகு இறக்க முடியாது.