பம்ப் ரூம் வாசலில் கிடக்கும் மணல்

அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் கேன் தண்ணீர் கம்பெனிகளிலும் ஃபில்டர் சர்வீஸ் செய்வது என் தொழில். வீட்டில் இரண்டடித் தொட்டியில் செடி வளர்க்கிறேன். பேருக்குத்தான் அதில் நாலைந்து மீன். தொழிலும் பொழுதுபோக்கும் இப்படி அமைந்ததால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. செடித் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் அடியில் போடும் மணலுக்காகக் காசைக் கொட்டுகிறார்கள். அதற்குப் பொருத்தமான மணலையோ நாங்கள் மூட்டை மூட்டையாகக் குப்பையில் கொட்டுகிறோம்.

தொட்டிக்கு எவ்வளவு மணல் வேண்டும் என்று முதலில் பார்த்துவிடலாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம் உள்ள தொட்டியில் வேர் பிடிக்க இரண்டு அங்குல உயரத்துக்காவது பரப்ப வேண்டும். கிட்டத்தட்ட ஒன்பது லிட்டர். எடையில் 14 கிலோ சுமாருக்கு வரும். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் போய்க் கேட்டால் கடைக்காரர் காட்டுவது இரண்டு வகை. ஒன்று, நீலமும் ரோஸும் அடித்த கல். சாயம் உரிந்துவிடும், செடிக்கும் ஒரு பயனும் இல்லை. இன்னொன்று ‘அக்வா சாயில்’. ஜப்பானில் தகாஷி அமானோ 1982-ல் தொடங்கிய ஏ.டி.ஏ. நிறுவனம் பிரபலமாக்கிய குருணை மண். நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது லிட்டர்ப் பை ஒன்றின் விலையில் தொட்டியும் லைட்டும் வாங்கி மீனையும் விட்டுவிடலாம். அந்த மண்ணின் முக்கியமான வேலை தண்ணீரின் காரத்தன்மையை இழுத்துக்கொண்டு அதை மென்மையாக்குவது. சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் எவ்வளவு கடினம் என்பது குழாயில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரை ஊற்ற ஊற்ற, அந்தச் சக்தி சீக்கிரமே தீர்ந்துபோகும். பிறகு அது வெறும் மண். குருணையும் நாளடைவில் கரைந்து சேறாகும்.

விலை கேட்டு மிரண்டவர்கள் அடுத்து ஆற்று மணலுக்குப் போகிறார்கள். “ஊருக்குப் போனப்ப ரெண்டு சட்டி அள்ளிட்டு வந்தேண்ணே, அதுல என்ன ஆகிடப் போகுது?” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ரெண்டு சட்டியால் ஆறு வற்றாது என்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. மணல் குவாரிகளை 2003-ல் தமிழக அரசே கையில் எடுத்தது. அதன்பிறகும் பாலாற்றிலும் கொள்ளிடத்திலும் மணல் வழக்குகள் ஓயவில்லை. உலகம் முழுக்க ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் சரளையும் தோண்டப்படுகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2022-ல் கணக்குச் சொன்னது. அழகுக்கு வைக்கிற தொட்டிக்கும் ஆற்றில்தான் கை வைக்க வேண்டுமா?

கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கிளிஞ்சல் தூள் கரைந்து கடினத் தண்ணீரை இன்னும் கடினமாக்கும். எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்த தூள். எத்தனை முறை அலசினாலும் சாம்பல் கலங்கல் விடாது. அடியில் மேயும் கோரி மீன்களின் மீசையை அதன் கூர்முனை தேய்த்துவிடும்.

இனி எங்கள் மணலுக்கு வருகிறேன். பம்ப் ரூமில் ஆளுயரத்துக்கு நிற்கும் சாண்ட் ஃபில்டரைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெசலுக்குள் அடியில் கூழாங்கல், நடுவில் சரளை, மேலே நைஸ் மணல் என்று அளவு பிரித்துப் போட்டிருப்போம். எல்லாம் குவார்ட்ஸ். தண்ணீரில் எதுவும் கரையக் கூடாது என்பதற்காகவே தேர்ந்தெடுத்த கல். செடித் தொட்டியும் கேட்பது அதைத்தான். சில வருடங்களுக்கு ஒருமுறை ‘மீடியா’ மாற்றும்போது பழையதை வெசலிலிருந்து வாரி வெளியே போடுவோம். சின்ன அபார்ட்மென்டிலேயே இரண்டு மூன்று மூட்டை தேறும். மழை வந்தால் நேராக வடிகாலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். மணல் கெட்டுப்போனதால் மாற்றுகிறோம் என்று நினைக்காதீர்கள். இரும்பும் அழுக்கும் படிந்து கட்டி தட்டியிருக்கும். ஒப்பந்தத்தில் மாற்றச் சொல்லியிருப்பதால் மாற்றுவதும் உண்டு. அலசினால் செம்பழுப்பு நிறத்தில் மணல் மணலாக நிற்கும். நீலக் கல்லைவிட அந்த நிறத்தில் செடியின் பச்சை எடுப்பாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

வாரிப் போட்டதில் எல்லா அளவும் கலந்திருக்கும். ரவை சலிக்கிற சல்லடையில் நைஸ் மணலைப் பிரித்துவிட்டு, மேலே நிற்பதில் குருணை அரிசி அளவுள்ளதை மட்டும் எடுங்கள். ரொம்ப நைஸ் மணல் இறுகிப்போய் அடியில் காற்றோட்டம் இல்லாமல் அழுகிய முட்டை நாற்றம் வரும். பக்கெட்டில் கலங்கல் போகும்வரை அலசி, மொட்டை மாடியில் வெயிலில் பரப்புங்கள்.

குவார்ட்ஸில் சத்து கிடையாது. அது வேர் பிடிக்கும் இடம் மட்டுமே. சாதாரணத் தோட்ட மண்ணை அடியில் பரப்பிச் சரளையால் மூடினாலே செடி செழிக்கும் என்று டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999-ல் ஒரு புத்தகமே போட்டார். எனக்கு அதைவிட எளிதாக வருவது, உரம் போடாத செம்மண்ணைக் குழைத்து, கோலிக்குண்டு அளவில் உருட்டிக் காயவைத்து, வேரடியில் புதைப்பது. செம்மண்ணில் இரும்பு உண்டு; மற்ற சத்துகளையும் களி பிடித்து வைத்துக்கொள்ளும். இலங்கையின் ஓடைகளிலிருந்து வந்த கிரிப்டோகோரைன் வெண்டியை இப்படித்தான் வளர்க்கிறேன். நட்டதும் இலையெல்லாம் கரைந்து விழும். பயந்து பிடுங்காதீர்கள், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீடியா மாற்றும் தேதியை முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். வேண்டியவர்கள் பையோடு வருவார்கள், உங்களுக்கும் குப்பை வண்டிக்காரரிடம் கெஞ்சும் வேலை மிச்சம். மீன் கடைக்காரர்களும் இதே குவார்ட்ஸை மூட்டையாக வாங்கி, சலித்து, மில்லிமீட்டர் அளவு எழுதிக் கிலோ கணக்கில் விற்கலாம். லாபம் இல்லாமல் போகாது.

பழைய மணலை வாங்கப் போகிறவர்கள் சர்வீஸ்காரரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த ஃபில்டரிலிருந்து எடுத்தது? குடிநீர் அல்லது போர் தண்ணீர் ஃபில்டர் என்றால் எடுக்கலாம். கழிவுநீர் சுத்திகரிக்கும் எஸ்.டி.பி. ஃபில்டர் என்றால் தொடவே வேண்டாம். சாஃப்ட்னரிலிருந்து வரும் மஞ்சள் உருண்டைகள் ரெசின், மணல் அல்ல. கூழாங்கல்லோடு வெள்ளைக் கல் ஏதாவது கலந்திருந்தால் அதன்மேல் ஒரு சொட்டு பாத்ரூம் ஆசிட் விடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு, திறந்தவெளியில். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். அதைப் பூந்தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.